சங்கமித்ரா மறக்கவில்லை

மறதிக்காரி என்று பழி போட பெங்களூர் மர்பி டவுனில் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். பெரிய ஆபீசர் போய்ப் பிடித்தது சங்கமித்ராவை. எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மி ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கிப்போன குக்கர் வெயிட்டை இன்றைக்கும் வாசலில் நின்று கேட்கிறவள் அவள். ஜெயலக்ஷ்மி அதற்குப் பிறகு இரண்டு குக்கர் மாற்றிவிட்டாள். வெயிட் திரும்பி வரவில்லை. கேள்வியும் நிற்கவில்லை.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பி.யு.சி. முடித்து, கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் ஆறு வருடம் சட்டைகளைப் புரட்டிப் பார்த்துத் தையல் விட்ட இடத்தைச் சொல்லும் செக்கர் வேலை பார்த்தாள். பிறகு கன்டோன்மென்ட் யூனியன் ஃபுட்பால் கிளப்பில் பத்தொன்பது வருடம். சேரும்போது அது பேட்டைக்காரர்களின் டீம். ஆட்டம் முடிந்தால் சுண்டல், ஜெயித்தால் பிரியாணி. இப்போது அதைக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. நாட்டின் இரண்டாம் அடுக்கு லீக்கில் ஆடுகிறது. பன்னிரண்டு டீம், ஆளுக்கு இருபத்திரண்டு மேட்ச். முதலில் வருகிறவன் மேல் அடுக்குக்கு ஏறுவான். கடைசியில் வருகிற இரண்டு பேர் மூன்றாம் அடுக்குக்கு இறங்க வேண்டும்.

கழுத்தில் தொங்கும் அட்டையில் அவள் வேலைக்கு ‘டீம் அசிஸ்டென்ட்’ என்று பெயர். ஆட்டக்காரர்களைப் பதிவு செய்வது, ரயில் டிக்கெட் எடுப்பது, யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று ஹோட்டலில் சொல்வது, மேட்ச் தொடங்க ஒன்றேகால் மணி நேரம் முன்னால் ஆடப்போகிறவர்கள் பட்டியலை எழுதிக் கொடுப்பது, யார் எத்தனை மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறான் என்று கணக்கு வைப்பது, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம். நாலு மஞ்சள் அட்டை சேர்ந்தால் அடுத்த மேட்சில் வெளியே உட்கார வேண்டும். அதுதான் லீக்கின் சட்டம்.

வினை சீசனுக்கு முன்பே தொடங்கிவிட்டது. லீக் ஆபீஸ் புதிதாக ஒரு போர்ட்டல் கொண்டுவந்தது. ஆட்டக்காரனின் பெயருக்கு அதில் இரண்டு கட்டம். ஒன்று பெயர், இன்னொன்று சர்நேம். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்புக் கோடு விழும், அடுத்த பக்கம் திறக்காது. சங்கமித்ரா நேராக சி.இ.ஓ. அபினவிடம் போனாள்.

“சார், நம்ம பசங்களுக்கு சர்நேம் கிடையாது. இனிஷியல்தான்.”

“இனிஷியலை எக்ஸ்பாண்ட் பண்ணிடுங்க. அப்பா பேரைப் போடுங்க.”

“அப்பா பேரு அப்பாவுக்கு சார். அது எப்படிப் புள்ளைக்குப் பேராவும்?”

“உலகம் பூரா அப்படித்தான், சங்கமித்ரா.”

“உலகத்துல இருக்கறவன் முப்பாட்டன் பேரை இழுத்துக்கினு வரான். அது வீட்டுப் பேரு. நம்மளுது அப்பனோட நின்னுடும். தினேஷும் ரவியும் அண்ணன் தம்பி. ரெண்டு பேருக்கும் ஆதிகேசவன்னு போட்டா மேட்ச்ல எவன் எவன்னு எப்படித் தெரியும்?”

“ஜெர்சி நம்பர் இருக்கே. ப்ளீஸ், சின்ன விஷயத்துக்கெல்லாம் சீன் வேண்டாம்.”

சின்ன விஷயமாம். இந்த நாட்டில் ஒருவனிடம் சர்நேம் கேட்கிறவனுக்குப் பெரும்பாலும் பெயர் தெரிய வேண்டியதில்லை, தெரு தெரிய வேண்டும். பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதி வாலை வெட்டுவதற்குத் தமிழன் பட்ட பாடு கொஞ்சமா? வெட்டிய இடத்தில் அப்பன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தான். அந்தக் காலியிடம் குறை இல்லை, சம்பாதித்தது. அதைக் குறை என்று சிவப்புக் கோடு போடுகிறது ஒரு மெஷின்.

சங்கமித்ராவுக்கு இது புதிதும் இல்லை. அவளுடைய அப்பா பொன்னுரங்கம் தங்கவயலில் இருந்து வந்து மிலிட்டரி டிப்போவில் மூட்டை தூக்கியவர். பௌத்தம் தழுவிய வருடம் பிறந்த மகளுக்கு அந்தப் பெயரை வைத்தார். பள்ளியில் சேர்க்கும்போது கிளார்க் அவரை மேலும் கீழும் பார்த்து, “சங்கமித்ரா சரி, பேருக்குப் பின்னாடி என்ன?” என்று கேட்டான். “பின்னாடி நான்தான் சார் நிக்கறேன்” என்றார் பொன்னுரங்கம். கிளார்க் வேறு எதுவும் கேட்காமல் P. Sangamithra என்று எழுதிக்கொண்டான்.

அபினவும் தமிழ் வீட்டுப் பையன்தான். அவன் தாத்தா வெங்கடசுப்ரமணியன் மைசூர் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். பேரன் அந்த நீளமான பெயரை வெட்டி, விசிட்டிங் கார்டில் ‘அபினவ் வெங்கட்’ ஆகிவிட்டான். அவனுக்குச் சிவப்புக் கோடு விழவில்லை. அதனால் அது அவனுக்குச் சின்ன விஷயம்.

ஜெர்சிகள் வந்தன. நாலாம் நம்பர் தினேஷ், தடுப்பாட்டக்காரன். பதினேழாம் நம்பர் தம்பி ரவி, ஓரத்தில் ஓடுகிறவன். இரண்டு முதுகிலும் ஆங்கிலத்தில் ‘ஆதிகேசவன்’. அசல் ஆதிகேசவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். முதல் மேட்சுக்கு கேலரியில் வந்து உட்கார்ந்தார்.

“டேய் ஆதிகேசவா, தூங்கறியாடா?” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

மனுஷன் துள்ளித் திரும்பினார். அதற்குள் இன்னொருவன், “ஆதிகேசவனை வெளிய தள்ளுங்கப்பா, தண்டம்!” என்றான்.

“இன்னாபா இது? நான் பாட்டுக்கு டிக்கெட் வாங்கிக்கினு ஒக்காந்துக்கினு கீறேன். என்னை எதுக்கு வெளிய தள்ளணும்?”

கேலரியே சிரித்தது. அவரும் சிரித்தார். சங்கமித்ரா மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அட்டைக் கணக்கு நோட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

டீம் தள்ளாடியது. முதல் ஏழு மேட்சில் ஐந்து தோல்வி. ஜனவரியில் கொஞ்சம் மூச்சு வந்தது. பதினைந்தாவது மேட்சுக்குக் கேரளா போனபோது கடைசியில் இருந்து மூன்றாம் இடம். அங்கே அறுபதாவது நிமிடத்தில் தினேஷ் எதிரியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டினார். தினேஷுக்கு அது நாலாவது. சங்கமித்ரா நோட்டில் எழுதினாள். அடுத்த மேட்சில் தினேஷ் கிடையாது.

திங்கட்கிழமை காலை போர்ட்டலைத் திறந்தவளுக்கு முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோன்றியது. தினேஷுக்கு மூன்று அட்டைதான் இருந்தது. இரண்டே வாங்கியிருந்த ரவிக்கு மூன்றாகியிருந்தது. நடந்தது அவளுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. லீக் ஆபீசில் யாரோ பட்டியலைத் திறந்திருக்கிறார்கள். இரண்டு ஆதிகேசவன்கள் இருந்திருக்கிறார்கள். கைக்கு வந்த ஆதிகேசவனைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

“சார், தம்பி தலையில ஏத்திட்டாங்க. இப்பவே மெயில் போட்டா சரி பண்ணிடுவாங்க.”

அபினவ் திரையை எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

“போர்ட்டல்ல மூணுதானே இருக்கு?”

“போர்ட்டல்ல மூணு. நிஜத்துல நாலு.”

“லீக்கோட ரெக்கார்ட் போர்ட்டல்தான். தப்பு அவங்க தப்பு. நாம எதுக்கு வாலன்டியரா போய் மாட்டிக்கணும்? சனிக்கிழமை மேட்ச் நமக்கு லைஃப் அண்ட் டெத்.”

“நாளைக்கு எவனாவது வீடியோ போட்டுப் பாத்தா?”

“செகண்ட் டிவிஷன் வீடியோவை யாருங்க உக்காந்து பாக்கப் போறாங்க?”

கவனியுங்கள், இதைச் சொன்னவன் அந்த செகண்ட் டிவிஷன் டீமை நடத்தச் சம்பளம் வாங்குகிறவன். மழையிலும் வெயிலிலும் அந்தக் கேலரியில் இருந்து கத்துகிற ஆயிரத்துச் சொச்சம் பேரும் அவன் கணக்கில் ஆளே இல்லை.

சனிக்கிழமை உடை மாற்றும் அறையில் சங்கமித்ரா இன்னொரு முறை சொன்னாள். ரகசியமாக இல்லை, கோச் மஞ்சுநாத்திடம், இருபது பேர் காது கேட்க.

“கோச், தினேஷ் இன்னிக்கு ஆடக் கூடாது. நாலு அட்டை ஆயிடுச்சு.”

மஞ்சுநாத் நல்ல ஆட்டக்காரனாக இருந்தவன், நல்ல மனிதனும்தான். கதவோரம் நின்ற அபினவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். “நானேன் மாட்லி அக்கா? மேலிந்த ஆர்டர்” என்று கன்னடத்தில் முனகினான். என்ன செய்வான், மேலே இருந்து உத்தரவு.

தினேஷ் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்துவிட்டு அவிழ்த்து மறுபடியும் கட்டினான். தலை நிமிரவில்லை. ரவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இருபது பேருக்கும் கேட்டது. ஒருவனும் வாய் திறக்கவில்லை.

சங்கமித்ரா பட்டியலை எழுதினாள். நாலாம் நம்பருக்கு நேராகத் தினேஷின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். யாரும் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி அவர்கள் பாடு என்று நினைத்தாள். அந்த நினைப்பைப் பற்றிப் பிற்பாடு அவள் தன்னையே திட்டிக்கொண்ட திட்டு இங்கே எழுதத் தக்கதில்லை.

எண்பத்தோராவது நிமிடத்தில் கார்னரில் இருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே போட்டான் தினேஷ். ஒன்றுக்குப் பூஜ்யம். கேலரி குதித்தது. அப்பா ஆதிகேசவன் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் மைதானத்துக்குள் ஓட, சங்கமித்ரா ஒருத்திதான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

செகண்ட் டிவிஷன் வீடியோவைப் பார்க்க ஆள் இருந்தது. தோற்ற டீமில் ஒருவன் உட்கார்ந்து தினேஷின் மேட்சுகளை எல்லாம் பார்த்து, நாலு மஞ்சள் அட்டையையும் வெட்டி ஒட்டி லீக்குக்கு அனுப்பிவிட்டான். நாலாம் நாள் நோட்டீஸ் வந்தது. சட்டம் இரண்டு வகை சொல்லியது. தெரிந்தே ஆட வைத்திருந்தால் அந்த வெற்றி எதிரிக்குப் போகும், மூன்று பாயின்ட் போய்விடும். ஊழியர் யாரோ கவனிக்காமல் விட்டதால் நேர்ந்தது என்றால் கிளப்புக்கு எச்சரிக்கை மட்டும். அந்த ஊழியருக்கு ஒரு வருடம் தடை.

அபினவ் கதவைச் சாத்திவிட்டு, தானே காபி எடுத்து வந்து சங்கமித்ராவின் முன்னால் வைத்தான். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவளுக்குக் கிடைத்த முதல் காபி.

“ஒரு சின்ன லெட்டர். நான் டிராஃப்ட் பண்ணிட்டேன். நீங்க சைன் மட்டும் பண்ணினா போதும்.”

படித்தாள். தினேஷின் நாலாவது அட்டையைக் குறித்து வைக்கவும், நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் நான் மறந்துவிட்டேன் என்று அழகான ஆங்கிலத்தில் இருந்தது.

“நான் மறக்கலையே சார். உங்ககிட்டதானே சொன்னேன்.”

“தெரியும். பேப்பர்ல அப்படி இருக்கட்டும். ஒரே வருஷம். அப்புறம் வேற போஸ்ட்ல உங்களை எடுத்துக்கறேன், இது என் ப்ராமிஸ். டீம் இறங்கிட்டா முப்பது குடும்பம் ரோட்டுக்கு வரும். நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா…”

இந்த ஊரில் அட்ஜஸ்ட் என்கிற வார்த்தை மேலிருந்து கீழேதான் ஓடும், சாக்கடைத் தண்ணீர் மாதிரி. கீழே இருப்பவள் மேலே பார்த்து, சார், இந்தப் பழியை நீங்கள் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லி எவனாவது கேட்டதுண்டா? உத்தரவு போட்டவன் ஒருவன். கேட்டும் வாயை மூடிக்கொண்டவர்கள் இருபது பேர். வாயைத் திறந்து சொன்னவள் ஒருத்தி. மறந்தவள் அந்த ஒருத்தியாம்!

அவள் காபியைக் குடிக்கவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். செவ்வாய்க்கிழமை வீடியோவில் விசாரணை, அதற்குள் வேண்டும் என்று பின்னாலேயே குரல் வந்தது.

வீட்டில் மகள் பார்கவி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தே விட்டாள். “மறந்துட்டியாமா? நீயா? குக்கர் வெயிட்டு ஜெயலக்ஷ்மி ஆன்ட்டிய சாட்சிக்குக் கூட்டிக்கினு போ.” சிரித்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. “ஒரு வருஷம் தடைன்னா ஊர் பூரா உன் பேரு வரும்மா. மறந்து தொலைச்சவள்னு. அப்புறம் எந்த டீம்ல உன்னைச் சேப்பாங்க?”

அதுதான் சங்கமித்ராவையும் அரித்தது. வேலை போவது ஒரு பக்கம். இந்த ஊர் மைதானங்களில் அவளுக்கு இருந்த சொத்து ஒன்றே ஒன்று: சங்கமித்ரா சொன்னால் சரியாக இருக்கும் என்கிற பேச்சு. கையெழுத்துப் போட்டால் அது போகும். போடாவிட்டால் டீம் இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆதிகேசவனும் அவர் மனைவி வள்ளியம்மாவும் வந்தார்கள். பின்னால் தினேஷ், செருப்பைக் கழற்ற அரை நிமிடம் எடுத்துக்கொண்டு. வள்ளியம்மா ஒரு டப்பாவில் கேசரி கொண்டுவந்திருந்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் டப்பாவோடு வந்தால் காரியம் பெரிது என்று அர்த்தம்.

“ஒரு கையெழுத்துதானே சங்கமித்ரா” என்று வள்ளியம்மா ஆரம்பித்தாள். “எங்க வூட்டுல ரெண்டு புள்ளைங்களும் அந்த ஒரே டீம்ல கீதுங்க. எறங்கிச்சுன்னா ரெண்டும் ஒண்ணா வூட்டுல குந்திக்கும். உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“அக்கா, அதுல இன்னா எழுதி கீதுன்னு தெரியுமா?”

“இன்னாவோ இங்கிலீஷு.”

“நான் மறந்துட்டேன்னு எழுதி கீது.”

“மறக்கறது மனுஷனுக்கு சகஜம்தானேம்மா” என்றார் ஆதிகேசவன் சமாதானமாக. “நான் வண்டியில டீசல் போட மறந்துட்டு நடுரோட்டுல நின்னதில்ல?”

“அண்ணா, நீங்க மறந்தீங்க, நின்னீங்க. நான் மறக்கவே இல்லை. எல்லார் எதுர்லயும் சொன்னேன். நம்பலைன்னா உங்க புள்ளைய கேளுங்க. டேய் தினேஷ், இங்க பாரு. சொன்னனா இல்லையா?”

தினேஷ் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான்.

“காலண்டர்ல இன்னாடா பாக்கற? உன் மூஞ்சிலதானே அட்டையக் காட்டுனான். நாலுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்கா.” குரல் தரையில் விழுந்தது. “மேல் டிவிஷன்ல இருந்து ஒருத்தர் ஆள் எடுக்க மேட்ச் பாக்க வராருன்னு சொன்னாங்க. நான் ஆடணும்னு…”

ஆதிகேசவன் மகனைப் பார்த்தார். “தெரியுமா? தெரிஞ்சேவா ஆடுன? அப்புறம் எதுக்குடா எங்களை இங்க இட்டாந்த? இந்தம்மா மேல பழிய போடறதுக்கா?”

“யோவ், நீ சும்மா இரு” என்று வள்ளியம்மா சீறினாள். “தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா? எறங்கிட்டா இந்தப் பெரிய மனுஷத்தனம் சோறு போடுமா? சங்கமித்ரா, உனக்குப் பொண்ணு கீது, நாளைக்கு சம்பாரிக்கும். எனக்கு ரெண்டும் கால வெச்சுப் பொழைக்கிற புள்ளைங்க.”

“அக்கா, டீமுக்காக என் வேலைய வுடச் சொல்லு, வுட்டுட்டுப் போறேன். அவன் செஞ்சதை நான் செஞ்சேன்னு எழுதச் சொல்லாத.”

வள்ளியம்மா எழுந்தாள். கொண்டுவந்த கேசரி டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டே போனாள். ஆதிகேசவன் வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டு அவள் பின்னால் போனார். தினேஷ் செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட நிற்கவில்லை, கையில் தூக்கிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. கிளப் ஆபீசின் நீள மேஜையில் லேப்டாப். அதன் முன்னால் அபினவ், பக்கத்தில் மஞ்சுநாத், அந்தப் பக்கம் விசாரணைக்குக் கூப்பிடப்பட்ட தினேஷ், எதிரே சங்கமித்ரா. திரையில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதான அம்மா, ஓய்வுபெற்ற நீதிபதி என்றார்கள். அபினவ் ஐந்து நிமிடம் நன்றாகப் பேசினான். கிளப்பின் பாரம்பரியம், நேர்மை, துரதிர்ஷ்டவசமான மனிதத் தவறு. பேசி முடித்து, “எங்கள் ஊழியரே விளக்குவார்” என்று லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். கையெழுத்து இன்னும் விழாத கடிதமும் அவள் முன்னால் நகர்ந்து வந்தது. பேனாவும் வந்தது.

“அட்டைக் கணக்கை நீங்கள்தான் வைத்திருக்கிறீர்களா?” என்று திரையில் இருந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டார்.

“யெஸ் மேடம்.”

“தினேஷுக்கு நாலாவது அட்டை என்பதை மறந்துவிட்டீர்களா?”

பத்தொன்பது வருடம் லீக் கடிதங்களைப் படித்துப் பழகிய ஆங்கிலம் அவளுடையது. இலக்கணம் முன்னே பின்னே இருக்கும், சொல்ல வந்தது நேராகப் போகும். “நோ மேடம். ஐ நாட் ஃபர்காட். மண்டே ஐ டோல்ட் சி.இ.ஓ. சார், ப்ளீஸ் சென்ட் மெயில். சாட்டர்டே ஐ டோல்ட் கோச். எவ்ரிபடி ஹியர்…”

திரையில் இருந்தவர்கள் காதருகே கையை வைத்துக்காட்டினார்கள். ஒருவர் உதட்டைத் தட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினார். சங்கமித்ரா குரலை உயர்த்தினாள். இன்னும் கேட்கவில்லை. அப்போதுதான் பார்த்தாள். மேஜைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து நீண்ட அபினவின் விரல் விசைப்பலகை மேல் இருந்தது. திரையின் ஓரத்தில் மைக் படத்தின் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு.

“நெட்வொர்க் ப்ராப்ளம்” என்றான் அபினவ், அவளைப் பார்க்காமல், ரொம்ப அமைதியாக. “சங்கமித்ரா, நல்லா யோசிச்சுக்கங்க. ஒரு நிமிஷம் டைம் இருக்கு.”

பேசுகிறவளின் வாயை அவள் கண் முன்னாலேயே ஒரு விரலால் மூடுகிறான். மூடிவிட்டு நெட்வொர்க் என்கிறான். எத்தனை மேனேஜர்கள், எத்தனை மீட்டிங்குகளில் இதைச் செய்திருப்பார்கள்! அந்தக் காலத்தில் மைக் ஒயரைப் பிடுங்கினார்கள். இப்போது அதற்கு ஒரு பட்டன் வந்திருக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

“எனக்கு யோசிக்க ஒண்ணும் இல்ல சார். கைய எடுங்க.”

“கொஞ்சம் அமைதியா…”

“கைய எடு!”

மஞ்சுநாத் நாற்காலியில் நெளிந்தான். தண்ணீர் கிளாசைப் பிடித்தான், குடிக்கவில்லை. பிறகு தினேஷ் எழுந்தான். மைதானத்தில் பந்துக்குப் பாய்கிற மாதிரி எல்லாம் இல்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் முட்டி இடித்துக்கொண்டு, வேர்வையோடு வந்தான். அபினவின் கைக்கு மேலாகத் தன் விரலை நீட்டிப் பட்டனைத் தட்டினான். சிவப்புக் கோடு மறைந்தது.

“மேடம், தினேஷ் ஸ்பீக்கிங்” என்றான். அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. திரும்பி, “நீ சொல்லுக்கா” என்றான். “நாலுன்னு எனக்கும் தெரியும். அதையும் சேத்துச் சொல்லு.”

சங்கமித்ரா சொன்னாள். திங்கட்கிழமையில் இருந்து தொடங்கி ஒவ்வொன்றாக. தெரிந்துகொண்டே பட்டியலில் பெயரைத் தன் கையால் எழுதியதையும் விடவில்லை. கடைசியில் மஞ்சுநாத்தைக் கேட்டார்கள். அவன் கிளாசை மேஜையில் வைத்துவிட்டு, “யெஸ் மேடம், ஷி டோல்ட் மீ” என்றான். அபினவ் லேப்டாப்பை மூடும்போது அது உடையாதது ஆச்சரியம்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. வெற்றி எதிரிக்குப் போனது. மூன்று பாயின்ட் போனது. தினேஷுக்கு இரண்டு மேட்ச் தடை. அபினவுக்கும் மஞ்சுநாத்துக்கும் எச்சரிக்கை. சங்கமித்ராவைப் பற்றி ஒரே வரி: ஊழியர் தன் கடமையைச் செய்திருக்கிறார். போர்ட்டலில் தப்பான ஆதிகேசவனைத் தட்டியவரைப் பற்றி அரை வரிகூடக் கிடையாது. சர்நேம் கட்டத்தைப் பற்றியும் கிடையாது. மெஷினுக்கு யார் எச்சரிக்கை கொடுப்பது?

டீம் விட்டுக்கொடுக்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். தினேஷ் திரும்பி வந்து ரத்தம் கொட்டும் முட்டியோடு ஆடினான். ரவி மூன்று கோல் போட்டான். ஆனாலும் ஏப்ரலில் கடைசி மேட்ச் டிராவில் முடிந்தபோது ஒரே ஒரு பாயின்ட் குறைந்தது. கன்டோன்மென்ட் யூனியன் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. அதற்கு மூன்று நாள் முன்பே அபினவ் போய்விட்டான். எங்கே என்று கேட்பீர்கள். மேல் அடுக்கில் ஆடும் ஒரு டீமுக்கு, இதைவிடப் பெரிய பதவிக்கு. டீமைக் கீழே இறக்கியவன் மேலே போனான். ‘உங்கள் எல்லோரோடும் வேலை செய்தது பெருமை’ என்று குரூப்பில் ஒரு செய்தி, கூடவே இரண்டு கைகூப்பும் படம்.

கடைசி மேட்ச் முடிந்து வெயில் சாயும் நேரத்தில் சங்கமித்ரா ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தாள். கேட்டருகே கூட்டம் கலையாமல் நின்றது. அதில் வள்ளியம்மாவும் இருந்தாள். பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் பேசவில்லை. தோளில் டிரம் மாட்டிய லிங்கராஜபுரத்து ஆள் ஒருவன் வழியை மறித்தான். சீசன் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது அவனுக்கு.

“ஏங்க்கா, ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து நீ போட்டிருந்தா நம்ம டீம் எறங்கியிருக்குமா?”

“எறங்கியிருக்காது” என்றாள் சங்கமித்ரா.

அவன் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

“அப்புறம்? தெரிஞ்சேவா செஞ்ச?”

“தெரிஞ்சேதான் செஞ்சேன். மெயில் போட மாட்டேன்னவன் கார்ல ஏறிப் போகும்போது நீ இதே கேட்டாண்டதானே டிரம் அடிச்சிக்கினு நின்ன? அவனை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டியா?”

“அது வேற. நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி கீலாம், அதான் சொல்றேன்.”

“சரி, நீ பண்ணு. அடுத்த சீசன்ல அந்த மாதிரி லெட்டர் வந்தா உன் அட்ரஸைக் குடுக்கறேன். நான்தான் மறந்துட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. போடுவியா?”

கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். டிரம்காரன் திரும்பி அவனைப் பார்த்தான், பிறகு தன் டிரம்மைப் பார்த்தான்.

“அப்ப வழி வுடு. ரிப்போர்ட் குடுக்கணும்.”

அவன் விலகினான்.